ஆறுலேருந்து ஏழு வரைக்கும்

மணி ஆறு பத்துதான் ஆகுது மேடம். இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு, அதுக்குள்ள எதுக்கு அந்த ஃபாரத்த வெளிய எடுக்கறீங்க. உக்காருங்க முதல்ல. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. பெட்டிய கீழ வைங்க, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க, உள்ள ஐஸும் காலி பாட்டிலும்தானே. உங்ககூட வந்த சார் கீழயே நிக்கறாரா? நிக்கட்டும். பொண்ணு ஒண்ணுக்குப் போறதப் பக்கத்துல நின்னு பாக்கற வேலைக்குப் பொம்பளதான் வரணும்னு உங்க சட்டத்துலயே இருக்கு, அவரு மேல வந்து என்ன பண்ணப் போறாரு.

வந்துடுவா. ஓடப் போயிருக்கா. ஓட்டக்காரி காலங்காத்தால வேற எங்க போவா, சொல்லுங்க.

எந்த கிரவுண்டா? கிரவுண்டு இல்ல மேடம், ரோடு. கிரவுண்டுக் கதவ ஏழு மணிக்குத்தான் தொறப்பாங்க. வாட்ச்மேனுக்குத் தூக்கம் கலைஞ்சு, பல் வெளக்கி, பேப்பர் படிச்சு முடிச்சு, அப்புறம்தான் சாவியத் தேடுவாரு. அதனால இவ பைபாஸ் பக்கம் ஓடிட்டு வருவா. சில நாள் சீக்கிரம் வருவா, சில நாள் லேட்டாகும்.

வாசல்ல இருக்கற ஷூவா? அது பழசு. பழசுதான், நீங்க பாக்கறதுக்குப் புதுசு மாதிரி இருக்கு. அவ எதையும் நல்லா வச்சுக்குவா.

சட்டம் எனக்கு நீங்க படிச்சுக் காட்ட வேண்டாம் மேடம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்க இருப்பேன்னு முன்னாடியே போன்ல போட்டு வைக்கணும். எங்களுது காலையில ஆறுலேருந்து ஏழு, இந்த வீடு. அந்த நேரத்துல நீங்க எப்ப வந்து பெல் அடிச்சாலும் அவ இருக்கணும், பாட்டில்ல புடிச்சுக் கொடுக்கணும், நீங்க அத சீல் வச்சுக் கொண்டு போய் மருந்து கிருந்து கலந்திருக்கான்னு பாப்பீங்க. ஆள் இல்லேன்னா ஒரு மிஸ். ஒரு வருஷத்துக்குள்ள மூணு மிஸ் ஆனா ரெண்டு வருஷம் எந்தப் போட்டியிலயும் கால வைக்கக் கூடாது. அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு ஆயிடுச்சு. இன்னைக்கு ஏழுக்குள்ள வரலேன்னா மூணு. எல்லாம் தெரியும். நீங்களும் ஏழு ஆகற வரைக்கும் எந்திரிச்சுப் போக முடியாது, அதுவும் சட்டம். அதனால பேசிட்டிருப்போம்.

நான் ஏன் பதறாம நிக்கறேன்னு பாக்கறீங்க, இல்லையா. பதறி என்ன பண்றது மேடம், ரோட்டுல இறங்கித் தேடவா? ஓடற காலா இது. இந்த முட்டியப் பாருங்க, மடக்கினா துருப்புடிச்ச கீல் மாதிரி சத்தம் வரும். அதான் உக்காரல. உக்காந்தா எந்திரிக்க ஒரு ஆள் வேணும். இப்படி இந்தக் கதவுல சாஞ்சு நிக்கறதுதான் எனக்கு சௌகரியம்.

பெட்ரூம்தான். பெட்ரூம்னு பேரு. கட்டில், பீரோ, பிரைஸ் சாமான், எல்லாம் அதுலதான் அடைச்சு வச்சிருக்கேன். நீங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

அந்த மொத மிஸ் எங்க தப்பு, ஒத்துக்கறேன். சித்தி பொண்ணு கல்யாணம். போன்ல எடத்த மாத்த மறந்துட்டா. பந்தியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கா, இங்க உங்க ஆளு வந்து பூட்டுன கதவப் பாத்துட்டுப் போயிட்டாரு. ரெண்டாவது மிஸ் இருக்கே, அது அநியாயம் மேடம். அன்னைக்கு மழை, அவ ஓடப் போகல. கரண்ட் இல்ல, பெல் அடிக்கல. வந்தவரு பெல்ல அமுக்கி அமுக்கிப் பாத்துட்டுக் கீழயே நின்னிருக்காரு. ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல. ஒரு கூப்பாடு போட்டிருக்கலாம்ல. நாங்க ரெண்டு பேரும் இங்க போர்வைக்குள்ள இருக்கோம், கீழ அவரு ஒரு மணி நேரம் வாட்ச்சப் பாத்துட்டு, எழுதிட்டுப் போயிட்டாரு. அதுக்கு மேல எத்தனை கடிதாசு போட்டேன் தெரியுமா. எழுதினது எழுதினதுதான்னு ஒரே வரியில பதில். அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. ஆள் வீட்ல இருக்காளா இல்லையாங்கறது உங்களுக்கு முக்கியம் இல்ல, அந்தக் காயிதத்துல என்ன இருக்குங்கறதுதான் முக்கியம். தப்பா சொல்லல மேடம், உங்க வேலை அப்படி.

நீங்க இந்த வேலைக்கு வந்து எத்தனை வருஷம்? ஆறா? பரவால்லையே. அப்ப எங்க ஆளுங்க கூத்தெல்லாம் பாத்திருப்பீங்க. நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப நடந்தது ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அப்பல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க. ஒருநாள் சமையக்காரம்மா ஓடி வந்து வண்டி வந்துடுச்சுன்னாங்க. அவ்வளவுதான், பதினொரு பொண்ணுங்க, குளியல் ரூம் ஜன்னல் வழியா குதிச்சுப் பின்னாடிக் காட்டுல இறங்கி ஓட்டம். குண்டு எறியற பொண்ணு ஒருத்தி, ஜன்னல்ல பாதி வெளிய பாதி உள்ள, அப்படியே மாட்டிக்கிட்டா. அவள மட்டும்தான் புடிச்சாங்க. பாவம், அவ ஊசி கீசி ஒண்ணுமே போடாதவ. எல்லாரும் ஓடறாங்களேன்னு ஓடியிருக்கா. மத்தவங்க ஓடின ஓட்டம் இருக்கே, அன்னைக்கு யாராவது வாட்ச் புடிச்சிருந்தா நாட்டுக்கு ரெண்டு ரெக்கார்டாவது தேறியிருக்கும்.

சிரிங்க மேடம், சிரிச்சா ஒண்ணும் எழுதிட மாட்டேன்.

நீங்க எந்த ஊர்ல இறங்கினாலும் எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சிடும்னு சொல்றாங்களே, அது நிஜம்தான். லாட்ஜ் கவுண்டர்ல நிக்கறவனுக்கு அந்த நீலப் பெட்டியப் பாத்தாலே போதும். பெட்டிய வச்சு ஐஸ் கேக்கறாங்கன்னா மீன் வாங்க வந்தவங்களா இருக்கணும், இல்ல நீங்களா இருக்கணும். எங்களுக்கு யாரும் சொல்றதில்ல. எங்களுக்கு எதுக்கு.

தண்ணியா? இல்லையே மேடம். காலையிலயே தீந்துடுச்சு. கேன்காரன் எட்டு மணிக்குத்தான் வருவான். டீ வேணா... இல்ல, டீக்கும் தண்ணி வேணும்ல. ஆமா, சொட்டு இல்ல. குழாய்த் தண்ணி வாயில வைக்க முடியாது, உப்பு. நேத்து ராத்திரி பாதி கேன் இருந்துச்சு. தீந்துடுச்சு. எப்படித் தீந்துச்சுன்னா, ரெண்டு பேரு இருக்கற வீடு மேடம், தாகம் எடுக்காதா.

பாத்ரூமா. ஐயோ, அது பெட்ரூம் வழியாப் போகணும். தாழ்ப்பாள் சரியில்ல, தண்ணி வேற அடைச்சு நிக்குது. எதிர் வீட்டு டீச்சரம்மாவக் கேக்கட்டுமா? நல்லவங்க, விடுவாங்க. வேண்டாமா. அவசரம்னா சொல்லுங்க, அடக்கி வைக்காதீங்க. அடக்கி வச்சா கஷ்டம் என்னன்னு எங்கள விட யாருக்குத் தெரியும்.

சின்னவளுக்கு இருபத்திரெண்டு ஆகுது. வீட்ல அவ சின்னவ, நான் பெரியவ, பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. எனக்கும் அவளுக்கும் பன்னெண்டு வருஷம். அவளுக்கு அஞ்சு வயசா இருக்கும்போது அம்மா போயிட்டாங்க. அப்பா அதுக்கு முன்னாடியே வேற வீட்டுக்குப் போயிட்டாரு. தூக்கி வளத்தது நான்தான். ஒம்பது வயசுல ஒருநாள் என் செருப்புல ஒண்ண எடுத்துட்டு ஓடினா, விளையாட்டுக்கு. அப்ப எனக்கு முட்டி போயி ரெண்டு வருஷம். நொண்டிக்கிட்டே துரத்துறேன். தெருமுனையில நின்னு திரும்பிப் பாத்துச் சிரிச்சா. மூச்சு வாங்கல மேடம். அவ்வளவு தூரம் ஓடியிருக்கா, மூச்சு ஒரே சீரா இருக்கு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

என்ன முடிவுன்னா, அதச் சொல்லணும்னா என் கதையச் சொல்லணும்.

நானும் அவள மாதிரி எண்ணூறு மீட்டர்தான். கிரவுண்ட ரெண்டு சுத்து. நேஷனல் பைனலுக்கு வந்துட்டேன், முட்டி வீங்கிப் போச்சு. மாஸ்டர், எங்க கோச்சுதான், யாரையோ கூட்டிட்டு வந்தாரு. டாக்டரோ கம்பவுண்டரோ இன்னிவரைக்கும் தெரியாது. ஊசி போட்டாரு. வலி போயிடுச்சு. வலி போனா கால் சரியாயிடுச்சுன்னுதானே நெனைப்போம். மொத சுத்துல ரெண்டாவதா வந்தேன். கடைசி நூறு மீட்டர்ல உள்ள ஏதோ அறுந்துச்சு. சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஆனா வலிக்கல பாருங்க, அதனால நிக்கல. ஓடிட்டேன். நாலாவது.

மூணாவது வந்தவளுக்கு ஆபீஸ்ல வேலை, குவார்ட்டர்ஸ், பேப்பர்ல போட்டோ. அவளுக்கும் எனக்கும் ஒரு கையளவு தூரம். எனக்கு என்ன கிடைச்சுச்சு தெரியுமா? ஒரு வாழைப்பழம், ஒரு குளுக்கோஸ் பாக்கெட். இத்தன கோடி ஜனம் இருக்கற நாட்டுல நாலாவது ஆளு நான். இதுல பத்துல ஒரு பங்கு ஜனம் இருக்கற நாட்டுல பொறந்திருந்தா என்னத் தலையில தூக்கி வச்சிருப்பாங்க. இங்க பின்னாடி நிக்கற வரிசை அவ்வளவு நீளம். நீ போனா இன்னொருத்தி, அவ போனா இன்னொருத்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூட மாஸ்டர் வரல, அடுத்த வருஷத்துக்குப் பொண்ணுங்களத் தேர்ந்தெடுக்கப் போயிட்டாரு. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கல மேடம். பதினஞ்சு வருஷம் ஆச்சு.

அதனால இவள நான் நாலாவது வர விடல.

எப்படி வளத்தேன்னு கேக்கறீங்களா? காலையில நாலரைக்கு எழுப்பிடுவேன். அவ ஓடுவா, நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே ஹார்ன் அடிச்சுக்கிட்டு வருவேன். ஹார்ன் சத்தம் நின்னுச்சுன்னா அவளும் நிக்கலாம். முடிய ஒட்ட வெட்டிட்டேன். அப்பல்லாம் போன் என் கையில. மெக்கானிக் ஒருத்தன் பின்னாடி சுத்தினான், நாலு நாள். அஞ்சாவது நாள் நான் போய்ப் பேசினேன், ஆறாவது நாள் அவன் வரல. சின்னவ என்னை ஒரு வார்த்தை கேக்கல. அழுதா. ஆனா ஓடிக்கிட்டே அழுதா மேடம். அன்னைக்கு டைம் நல்லா வந்துச்சு.

நல்ல பொண்ணு. என் பேச்ச மீறினதே இல்ல. தூங்குமூஞ்சி, அது ஒண்ணுதான் குறை. விட்டா நாள் பூரா தூங்குவா. போன வாரம் பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கறா, அக்கா, எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு மாசம் தூங்கலாமா, நீ எழுப்ப மாட்டேல்லன்னு. எப்ப முடியும்னு கேட்டேன். அதையும் நீதான சொல்லணும்னா. மாஸ்டர் மாதிரியே பேசிக் காட்டுவா, அவர அவ ரெண்டு தடவைதான் பாத்திருக்கா, ஆனா அப்படியே அவர் இருமறது, விசில எச்சில் துப்பி ஊதறது, அத்தனையும். நான் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பேன். இந்த வீட்ல சிரிப்புன்னு இருந்தா அது அவளாலதான்.

என்ன? ஏதோ விழுந்த சத்தமா?

ஆமா. கேட்டுச்சு.

அது குக்கர் மேடம். பிரைஸா குடுத்ததெல்லாம் பீரோ மேல அடுக்கி வச்சிருக்கேன். ஆறு குக்கர், நாலு சுவர்க் கடிகாரம், ஒரு மிக்சி. மாவட்ட மீட்டுல ஜெயிச்சா குக்கர், மாநில மீட்டுல ஜெயிச்சாலும் குக்கர், என்ன, சைஸ் கொஞ்சம் பெருசு. சமைக்கறதுக்கா ஓடறா? சரிஞ்சிருக்கும். நான் அப்புறம் எடுத்து வச்சுக்கறேன். இல்ல இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க. பரவால்ல மேடம். உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல.

மன்னிச்சுக்கோங்க, குரல் கொஞ்சம் ஏறிடுச்சு. தூக்கம் இல்ல. நாலு மணியிலேருந்து முழிச்சிருக்கேன்.

என்ன பேசிட்டிருந்தோம். ஆங், டைம். போன வருஷத்துக்கு இந்த வருஷம் நாலு செகண்டு கொறைச்சுட்டா. நீங்க புருவத்தத் தூக்கறது புரியுது. எண்ணூறுல நாலு செகண்டு, ஒரே வருஷத்துல. அதனாலதானே நீங்க வந்திருக்கீங்க, இல்லேன்னா எங்க வீட்டு மாடிப்படி ஏறுவீங்களா. உழைப்பு மேடம். நல்ல சாப்பாடு. தினமும் ஆறு முட்ட. குரலா? யார் சொன்னா. தொண்டை கொஞ்சம் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். போன்ல பேசினா சொல்லுங்க சார்னு சொல்றாங்கன்னு மொதல்ல சிரிப்பா, அப்புறம் போன் எடுக்கறதையே விட்டுட்டா. தூசில ஓடறால்ல, அதான். அத எழுதறீங்களா? எழுதாதீங்க மேடம், நான் பேச்சுவாக்குல சொன்னது.

மணி ஆறே முக்கால். பாருங்க, பேசினா நேரம் ஓடிடுது.

ஒரு சந்தேகம் மேடம், சும்மா கேக்கறேன், உங்க வேலையப் பத்தித் தெரிஞ்சுக்கத்தான். ஒரு பொண்ணு தண்ணி நெறையக் குடிச்சுட்டு வந்து குடுத்தா, பச்சத் தண்ணி மாதிரிதானே போகும், அதுல உங்களுக்கு ஒண்ணும் தெரியாதாமே? ஓ. எடுத்துக்கவே மாட்டீங்களா. அங்கயே பாத்துடுவீங்களா. ஒரு சொட்டு விட்டுப் பாத்தாலே காட்டிடுமா. அப்புறம்? கெட்டியா வர்ற வரைக்கும் கூடவே உக்காந்திருப்பீங்க. எவ்வளவு நேரம் ஆனாலும். சாயங்காலம் ஆனாலும்.

அப்ப தண்ணி குடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

இல்ல மேடம், ஒண்ணும் இல்ல. எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்குவாங்க. எனக்கு ஹாஸ்டல்ல சொன்னாங்க, அவங்களுக்கு அவங்க சீனியர் சொன்னாங்க. வண்டி வருதுன்னு தெரிஞ்சா மொதல்ல தண்ணியக் குடி. யாரும் உங்கள மாதிரி ஒரு ஆளக் கேட்டுப் பாத்ததில்ல. எப்படிக் கேக்கறது.

முகம் ஒரு மாதிரி இருக்கா? என் முகமா? வேர்க்குது மேடம், ஃபேன் மெதுவாத்தான் சுத்தும்.

பெரிய மீட்டுக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கு. வெளிநாடு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனப்ப போட்டோக்காரன் சிரிக்காதீங்கன்னு சொல்றான், இவளுக்குச் சிரிப்பு அடக்க முடியல. நாலு தடவ எடுத்தான். அந்த மூணு வீணாப்போன போட்டோவையும் நான் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். இருங்க... இல்ல, அது பெட்ரூம்ல இருக்கு. அப்புறம் காட்டறேன்.

அம்பத்தஞ்சு ஆயிடுச்சா. இப்ப நீங்க போன் அடிக்கலாம், கடைசி அஞ்சு நிமிஷம் ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கலாம், அதுவும் தெரியும். கூப்பிடுங்க. நம்பர் இருக்குல்ல.

ஆமா. இங்கதான் அடிக்குது. உள்ளதான்.

ஓடப் போகும்போது எடுத்துட்டுப் போக மாட்டா மேடம். கையில வச்சுக்கிட்டு எப்படி ஓடறது. தலைமாட்டுல வச்சிருப்பா. அடிக்கட்டும். நின்னுடும். அவ அத எடுக்க மாட்டா. எடுக்க முடியாது, ஆள் இல்லையே.

நின்னுடுச்சு பாருங்க.

இன்னொரு தடவ அடிக்க வேண்டாம் மேடம். போதும். ஒரு தடவைதான். அந்தப் பாட்டு அவளே தேடி வச்சது, எனக்குக் கேக்க முடியல.

மூணு நிமிஷம் இருக்கு. நீங்க ஃபாரத்த எழுத ஆரம்பிங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். பேரு, வீட்டு நம்பர், வந்த நேரம் ஆறு. காத்திருந்த நேரம் அறுபது நிமிஷம். வீட்ல இருந்தது யாரு? அக்கான்னு போடுங்க. சொன்ன காரணமா? ஓடப் போயிருக்கா, எப்ப வருவான்னு தெரியாது. அப்படியே போடுங்க.

ஏழு. உங்க வாட்ச்சுலயும் ஏழுதானே.

கையெழுத்து எங்க, இங்கயா? போட்டுட்டேன். உங்களுது? போட்டாச்சா. இந்த மஞ்சக் காயிதம் எனக்கு. இனிமே இதுல எதையும் அடிச்சு மாத்த முடியாதுல்ல மேடம்? எழுதினது எழுதினதுதான். சரி. ரெண்டு வருஷம். இருபத்திரெண்டும் ரெண்டும் இருபத்திநாலு. இருபத்திநாலு, எண்ணூறு ஓடறவளுக்கு நல்ல வயசு. பாட்டில்ல மாட்டியிருந்தா நாலு வருஷம், போன மாசம் வாங்கின மெடலு போயிடும், வேலை போயிடும், இந்த வீடும் அவ வேலைக்குக் குடுத்ததுதான். ஊரெல்லாம் போட்டோ போட்டுத் திருடின்னு எழுதுவாங்க. இப்ப என்ன, மறதிக்காரப் பொண்ணுன்னு நாலு பேரு திட்டுவாங்க. திட்டட்டும்.

பெட்டிய எடுக்காதீங்க மேடம். ஒரு நிமிஷம். எனக்கு ஒரு உதவி வேணும், நீங்க படிச்சவங்க, நாலும் தெரிஞ்சவங்க. நீங்க வந்திருக்கீங்கன்னு லாட்ஜ்ல இருக்கற ஆளு நாலு மணிக்கு மெசேஜ் போட்டான். அவளுக்கு ஊசி போட்டு அஞ்சு நாள்தான் ஆகுது. மசாஜ் பண்ணி விடறவன் ஒருத்தன்தான் கொண்டு வந்து குடுப்பான், போட்டு விடறது நான். அதான் எழுப்பித் தண்ணி குடிக்க வச்சேன். வெறும் தண்ணிதான் மேடம், மருந்து இல்ல ஒண்ணும் இல்ல. சொம்பு சொம்பா. எதிர்ல உக்காந்து எண்ணினேன். போதும்க்கான்னா, இன்னும் ரெண்டுன்னேன். வாந்தி எடுத்தா, எடுத்துட்டு மறுபடி குடிச்சா. தலை வலிக்குது, வெடிக்கற மாதிரி வலிக்குதுன்னா. நடிக்காதடின்னு சொன்னேன். அப்புறம் என்னப் பாத்து அம்மான்னு கூப்பிட்டா, ஏதேதோ உளறினா. கை கால் ஒரு மாதிரி வெட்டி வெட்டி இழுத்துச்சு. அப்புறம் தூங்கிட்டா. கட்டில்ல போட்டேன். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. அப்பதான் நீங்க பெல் அடிச்சீங்க. தண்ணி அதிகமாக் குடிச்சா இப்படியெல்லாம் ஆகுமா மேடம்?

அரை மணிக்கு முன்னாடி விழுந்தது குக்கர் இல்ல மேடம். அதுக்கப்புறம் உள்ள ஒரு சத்தமும் கேக்கல, நான் கதவுல காத வச்சுக்கிட்டுத்தான் நின்னேன். தொறந்து பாக்கல. பாத்திருந்தா ஏழு வரைக்கும் உங்ககிட்ட நின்னு பேசியிருக்க முடியாது.

நான் தள்ளிக்கறேன். நீங்க முன்னாடி போங்க மேடம்.